சாம்பல் எங்கே போகும்?

முதல் நாள், சனிக்கிழமை

பிளஸ் டூ வகுப்பில் எரிதல் வினை நடத்திக்கொண்டிருந்தேன். கார்பன் கூட்டல் ஆக்சிஜன், அம்புக்குறி, கார்பன் டை ஆக்சைடு. கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "சார், எங்க வீட்ல வெறகு எரிச்சா சாம்பல் வருதே, அது ஏன் சார் சமன்பாட்டுல இல்ல?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அது கனிம மாசு, நாம் தூய கார்பனைத்தான் எழுதுகிறோம் என்று சொல்லி உட்காரவைத்தேன். உட்கார்ந்துகொண்டே கேட்டான்: "அப்ப அது எங்க சார் போவும்?" அதற்குள் மணி அடித்துவிட்டது.

பல்லிடுக்கில் சிக்கிய மாங்காய் நார் மாதிரி அந்தக் கேள்வி மூன்று மாதமாக உறுத்திக்கொண்டே இருந்தது. புத்தகப் பதில் தெரியும். கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வடசென்னைதான் சரி. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், கொடுங்கையூரில் குப்பைமேடு, காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஒரு வேதியியல் புத்தகத்தையே பிரித்துத் தரையில் பரப்பியதுபோலக் கிடக்கிறது அந்தப் பக்கம். ஆராய்ச்சிக் கூடங்கள் மட்டும் தெற்கே. ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் கிண்டிப் பக்கம், தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில், கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி மையம் தரமணியில். ஆராய்கிறவர்கள் அங்கே, ஆராயப்படுவது இங்கே.

காலையில் கரூரிலிருந்து வந்து இறங்கி, மெட்ரோவில் உயர்நீதிமன்ற நிலையத்தில் வேண்டுமென்றே இறங்கினேன். கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அரசியலுக்காக அல்ல, பீரங்கிக்காக. 1820, 21-ஆம் ஆண்டுகளில் ஜான் கோல்டிங்காம் என்ற மெட்ராஸ் வானிலாளர் இங்கேதான் ஒலியின் வேகத்தை அளந்தார். ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகப் பீரங்கி வெடிப்பார்கள். நுங்கம்பாக்கம் பக்கம் இருந்த வானாய்வுக் கூடத்திலிருந்து வெடியின் வெளிச்சம் கண்ணில் பட்ட நொடிக்கும் சத்தம் காதில் விழுந்த நொடிக்கும் இடைவெளியைக் கணக்கெடுத்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில். வெயில் காலத்தில் ஒரு வேகம், மழைக் காலத்தில் ஒரு வேகம் வந்தது. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் ஒலி நொடிக்கு 0.6 மீட்டர் வேகம் கூடும் என்று இன்று நாம் ஒரே வரியில் நடத்திவிட்டுப் போகிறோம். அந்த ஆள் நம்மூர் வெக்கையில் உட்கார்ந்து ஆண்டு முழுக்கக் கடிகாரம் பார்த்திருக்கிறார். முடிவுகள் 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தன.

தண்டையார்பேட்டையில் சித்தி வீட்டுக்குப் போனதும் இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் எண்ணூர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் பிரிவில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவர். கதையை முழுசாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"வெடிமருந்துக் கரி எங்கபா போச்சு?"

நல்ல கேள்வி. கருமருந்து வெடித்தால் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும், அதனால்தான் அந்தப் பெரும்புகை. கோல்டிங்காம் அதை அளக்கவில்லை.

இரண்டாம் நாள், ஞாயிறு

காலையிலேயே எண்ணூர். விம்கோ நகர் வரை மெட்ரோ, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், பழைய வீட்டுக்குப் போகிறவர் மாதிரி.

பழைய நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது. இரண்டு 60 மெகாவாட், மூன்று 110 மெகாவாட், மொத்தம் 450. 2017 மார்ச் 31-ல் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போக வழியில்லை, போவதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு டீக்கடை நிழலில் உட்கார்ந்தோம். சித்தப்பா காற்றிலேயே விரலால் வரைந்து பாய்லரை நிறுத்திக் காட்டினார்.

கரியை முதலில் முகப் பவுடர் பதத்துக்கு அரைக்க வேண்டும். கட்டியாகப் போட்டால் அடுப்புதான், பவுடராக ஊதினால்தான் பாய்லர். சூடான காற்றோடு உள்ளே பீய்ச்சினால் நொடிக்குள் எரிந்துவிடும், உள்ளே 1,300 டிகிரிக்கு மேல். சுற்றுச்சுவர் முழுக்கத் தண்ணீர்க் குழாய். நீராவி 540 டிகிரி வரை சூடேறி டர்பைனுக்குப் போகும்.

நான் அங்கேயே செல்போனில் கார்னோ கணக்கைப் போட்டேன். 540 டிகிரி என்பது 813 கெல்வின். குளிர்ந்த பக்கம் 40 டிகிரி, அதாவது 313 கெல்வின். உலகத்தில் எந்த எஞ்சின் வந்தாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் 61 சதவீதத்துக்கு மேல் வேலை எடுக்க முடியாது. நிஜ நிலையங்களில் அதுவும் கிடையாது, 35 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். "மிச்சம்?" என்றேன். சித்தப்பா கடல் பக்கம் கையைக் காட்டினார். "வெந்நீரா போய்டும், கொஞ்சம் சிம்னி வழியா." ஆக, நூறு ரூபாய்க் கரியில் முப்பத்தைந்து ரூபாய்தான் கம்பியில் ஏறுகிறது. இது யாருடைய திருட்டும் இல்லை, வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி.

பிறகு சாம்பல். நான் இதற்காகத்தான் வந்தேன், ஆனால் சித்தப்பா வாயால் கேட்டபோதுதான் உருவம் தெரிந்தது. நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே சாம்பல் இருக்கும், சில சுரங்கக் கரியில் நாற்பது சதவீதம்கூட. கரித்தூளுக்குள் இருக்கும் களிமண் அந்தச் சூட்டில் உருகுகிறது. உருகிய துளியைப் பரப்பு இழுவிசை உருண்டையாக்குகிறது, மழைத்துளி உருண்டையாவது போலவே. மேலே போகப் போகக் குளிர்ந்து, உருண்டையாகவே இறுகிவிடுகிறது. கண்ணாடிக் குண்டுமணி என்று வைத்துக்கொள்ளுங்கள், தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத குண்டுமணி. ஐந்தில் ஒரு பங்கு அடியில் விழும். மீதி புகையோடு பறக்கும், அதனால்தான் பறக்கும் சாம்பல்.

பறப்பதைப் பிடிப்பது ஈஎஸ்பி. நிலைமின் வீழ்படிவாக்கி என்று நான் சொன்னதும் சித்தப்பா சிரித்தார், முப்பத்து மூன்று வருஷத்தில் அந்தப் பேரை அவர் கேட்டதே இல்லையாம். கம்பிகளில் ஐம்பது அறுபதாயிரம் வோல்ட். கம்பியைச் சுற்றிக் காற்று அயனியாகும், சாம்பல் துகளில் மின்னூட்டம் ஏறும், எதிரில் உள்ள தகட்டில் போய் ஒட்டும். ஒட்டியதைச் சுத்தியல் தட்டித் தட்டிக் கீழே உதிர்க்கும். "டொக், டொக், டொக். ராத்திரி ஷிப்ட்ல அந்தச் சத்தம் நின்னா தூக்கம் கலஞ்சிடும்," என்றார். தூக்கமா என்று நான் கேட்கவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தோம். 210 மெகாவாட் யூனிட் ஒன்று நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 50 லட்சம் யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு 700 கிராம் கரி என்றால் 3,500 டன். அதில் 35 சதவீதம் சாம்பல் என்றால் 1,200 டன்னைத் தாண்டும். இருபது டன் லாரியில் அறுபது லாரி, தினமும், ஒரே யூனிட்டுக்கு. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட், வல்லூரில் 1,500, மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் யூனிட் ஒன்று 2024-ல் திறக்கப்பட்டது. லாரிக் கணக்கை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். எனக்கு டீ ஆறிவிட்டது.

மூன்றாம் நாள், திங்கள்

மீஞ்சூர் போகும் சாலையில் ஒரு சாம்பல் கல் சூளை. சூளை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அங்கே நெருப்பே கிடையாது. அதுதான் விசேஷம். சித்தப்பாவுக்குத் தெரிந்தவருடைய பட்டறை, அதனால் உள்ளே விட்டார்கள்.

சாம்பல், கிரஷர் தூள், சுண்ணாம்பு, கொஞ்சம் ஜிப்சம். சிலர் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் போடுகிறார்கள். வட்டத் தொட்டியில் இரண்டு கனத்த உருளைகள் சுற்றிச் சுற்றிப் பிசைகின்றன, நம்மூர் செக்கு போல. பிசைந்ததை அச்சில் அழுத்தினால் கல். ஒன்றிரண்டு நாள் நிழலில் காயவிட்டு, பிறகு இரண்டு மூன்று வாரம் தண்ணீர் விடுகிறார்கள். செங்கல்லைச் சுடுகிறோம், இதைக் குளிப்பாட்டுகிறோம்.

ஏன் இறுகுகிறது? சாம்பல் உருண்டையில் இருக்கும் சிலிக்கா கண்ணாடி வடிவில் இருக்கிறது. மணலும் சிலிக்காதான், ஆனால் அது படிகம், அசையாது. கண்ணாடியாக உறைந்த சிலிக்கா சுண்ணாம்புத் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து, கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசையாகிறது. சிமெண்ட் இறுகுவதும் இதே பசையால்தான். இத்தாலியில் பொசுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து ரோமானியர்கள் கட்டினார்கள், அந்த ஊர்ப் பெயரால்தான் இதற்குப் பொசொலான் வினை என்று பெயர் வந்தது. நமக்கு எரிமலை இல்லை, அத்திப்பட்டு இருக்கிறது. கடையில் வாங்கும் பிபிசி, அதாவது போர்ட்லண்ட் பொசொலானா சிமெண்டிலும் 15 முதல் 35 சதவீதம் வரை இதே சாம்பல்தான். அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல் சுடுவது மிச்சம், அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடும் மிச்சம்.

பிசையும் தொட்டியில் நின்ற பையன் ஒடிசாக்காரன். ஊர் எது என்றேன். தால்ச்சர் பக்கம் என்றான். நான் சித்தப்பாவைப் பார்த்தேன், சித்தப்பா என்னைப் பார்த்தார். எண்ணூருக்குக் கரி வருவதும் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்துதான், பாரதீப் துறைமுகத்தில் கப்பல் ஏறி. அவன் ஊர் மண்ணைத்தான் அவன் இங்கே பிசைந்துகொண்டிருக்கிறான். சொன்னால் புரியுமோ என்று தயங்கி, அரைகுறை இந்தியில் சொல்லிப் பார்த்தேன். "மாலூம் ஹை சார்," தெரியும் சார் என்று சிரித்தான். அவன் அண்ணன் அங்கே சுரங்கத்தில்தான் இருக்கிறானாம்.

கேட்டு வாங்கி ஒரு பை சாம்பல் கொண்டுவந்தேன். சித்தி ஒரு டப்பா கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிக் கொடுத்தார். பழைய மெட்ராஸ் வீடுகளின் கண்ணாடி போல மின்னும் சுவர்ப்பூச்சு இந்தச் சிப்பிச் சுண்ணாம்பில் செய்ததுதான். மொட்டை மாடியில் இரண்டு கொட்டாங்குச்சி எடுத்தேன். ஒன்றில் மூன்று பங்கு சாம்பல், ஒரு பங்கு சுண்ணாம்பு, தண்ணீர். இன்னொன்றில் சாம்பலும் தண்ணீரும் மட்டும். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் அது பரிசோதனை இல்லை, சமையல். சித்தி அதையும் கேட்டுக்கொண்டு, "சமையலுக்கும் ஒப்பிட உங்க அம்மா கொயம்பு இருக்குதுல்ல," என்றார்.

நான்காம் நாள், செவ்வாய்

வெயிலில் சுருண்டுவிட்டேன். மோர், தூக்கம், மோர்.

சாயங்காலம் வியாசர்பாடியில் சித்தப்பாவின் தங்கை வீடு. தெருவெல்லாம் கேரம் போர்டு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வடசென்னைப் பெண். பலகையில் தூவும் போரிக் பவுடரை ஒரு பையனிடம் காட்டி, இது ஏன் வழுக்குகிறது தெரியுமா, அடுக்கடுக்காக இருக்கும், அடுக்குக்கு அடுக்கு பிடிப்பு குறைவு என்று ஆரம்பித்தேன். "ணா, ஒன் டர்ன்" என்றான். ஆடினேன். மைனஸில் முடித்தேன்.

மாடியில் கொட்டாங்குச்சிகள் இரண்டும் ஒரே மாதிரி ஈரமாகவே இருக்கின்றன.

ஐந்தாம் நாள், புதன்

கொடுங்கையூர். மேட்டுக்குள் போக அனுமதி வாங்கவில்லை, வெளிச்சாலையிலிருந்துதான் பார்த்தேன். அதுவே போதும். சுமார் 250 ஏக்கர், நாற்பது வருஷத்துக் குப்பை, அறுபது லட்சம் டன்னுக்கு மேல் சேர்ந்திருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு குன்று, மேலே பருந்துகள் வட்டமடிக்கின்றன.

குப்பைமேடு வெறுமனே கிடப்பதில்லை. உள்ளே காற்றுப் போகாது, காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டே இருக்கும், மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் ஏறக்குறையப் பாதிப் பாதியாக வெளியே வரும். மீத்தேன் கோடையில் பற்றிக்கொண்டால் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். சித்தப்பாவின் தங்கை வீட்டில் நேற்று சொன்னார்கள், மேடு எரியும் நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டுத் துணியை நனைத்துத் தொங்கவிடுவார்களாம்.

இப்போது அந்த மேட்டைக் குடைந்து பிரிக்கிறார்கள், பயோமைனிங் என்கிறார்கள். தோண்டி, ஆறவிட்டு, பெரிய சுழலும் சல்லடைகளில் சலிக்கிறார்கள். மண் ஒரு பக்கம், கல் கண்ணாடி ஒரு பக்கம், எரியக்கூடிய பிளாஸ்டிக் துணி ஒரு பக்கம். எரியக்கூடியதைச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள், அங்கே உலை 1,450 டிகிரி. இது எனக்கு நல்ல வழியாகவே படுகிறது.

எனக்கு ஒப்பாதது தினசரிக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் யோசனை. எரிஉலை வேண்டாம் என்று இந்தப் பக்கத்து மக்கள் 2025-ல் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அவர்கள் சொன்னது புகை. நான் ஒரு வேதியியல் வாத்தியாராகச் சொல்வது தண்ணீர். நம் வீட்டுக் குப்பை வாழை இலை, சாம்பார்ச் சக்கை, தர்பூசணித் தோல். எடையில் பாதி தண்ணீர் என்றே வையுங்கள். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து ஆவியாக்க 2,500 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அதாவது குப்பை எரிவதற்கு முன்னால் தன்னைத் தானே உலர்த்திக்கொள்ளவே சம்பாதித்ததில் பெரும் பங்கைச் செலவழிக்கிறது. ஈரக் குப்பையை எரிப்பது நனைந்த விறகில் காப்பி போடுவது. அதே ஈரக் குப்பையைக் காற்றுப் போகாத தொட்டியில் போட்டால் தண்ணீர் பகையில்லை, நண்பன், எரிவாயு தானாக வரும். எரித்தாலும் கால் பங்குக்குச் சாம்பல் மிஞ்சும், அதில் ஈயமும் காட்மியமும் கூடியிருக்கும். அந்தச் சாம்பல் எங்கே போகும் என்ற கேள்விக்கு மறுபடி கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பக்கத்திலேயே ஒரு காயலான் கடை. காயல்பட்டினத்துக்காரர்கள் முதலில் இந்தத் தொழிலுக்கு வந்ததால் இந்தப் பெயர் என்பார்கள். கடை அக்காவிடம் எப்படிப் பிளாஸ்டிக் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு வாளித் தண்ணீரில் துண்டு துண்டாகப் போட்டுக் காட்டினார். மூடிகள் மிதந்தன, பாட்டில் துண்டுகள் முழுகின. மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. பாட்டில் பெட், அடர்த்தி 1.38. ஆர்க்கிமிடீஸ் பாடத்தை நான் இரும்புக் கப்பலை வைத்து நடத்தி வீணாக்கியிருக்கிறேன்.

"முழுகறதுல பெட்டும் பைப்பும் ஒண்ணா கெடக்குமே, அத எப்படிக்கா பிரிப்பீங்க?"

"சத்தத்துல," என்றார். தரையில் தட்டிக் காட்டினார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

என்னிடம் வேறு வித்தை இருந்தது. கடையிலேயே ஒரு செப்புக் கம்பி கிடந்தது. லைட்டரில் காய்ச்சி, பைப்பின் பிவிசி துண்டில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினேன். பச்சைத் தீ. குளோரின் இருந்தால் செம்பு பச்சையாக எரியும், பெயில்ஸ்டீன் சோதனை. அக்கா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அழகாத்தான் கீது. ஒண்ணுக்கு இவ்ளோ நேரம்னா நாங்க என்னிக்கு மூட்ட கட்றது?" என்றார். அவர் காது நொடிக்கு ஒன்று பிரிக்கிறது. அந்தக் குளோரின்தான் குப்பையோடு எரிந்தால் அமிலமும் டையாக்சின் என்ற நச்சும் ஆகிறது. எந்த எரிஉலைக்கும் முன்னால் நிற்க வேண்டியவர் இந்த அக்கா.

குப்பையைவிடச் சாக்கடை இங்கே நன்றாகப் படித்திருக்கிறது. கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையக் கழிவுநீரை மணலி ஆலைகள் வாங்கிப் பயன்படுத்துவது 1990-களிலேயே தொடங்கியது. இப்போது தினம் 4.5 கோடி லிட்டரை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வரை கொண்டுபோய்ச் சுத்தம் செய்து ஆலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். கடல்நீரைப் பிழிவதைவிட இது மலிவு, காரணம் எளிது. கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் வளிமண்டலத்தைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல், அதை வென்றால்தான் ஒரு துளியாவது நல்ல தண்ணீர் வரும். சாக்கடையில் உப்பு எவ்வளவு குறைவு! காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கிறார்கள், அது வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கையில் இருக்கும் தண்ணீரை இரண்டாவது தடவை பயன்படுத்தலாம் என்கிறேன்.

ஆறாம் நாள், வியாழன்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகம். காட்டுக்குப்பத்துப் படகுக்கார அண்ணன் ஒருவர் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். ஐந்தே முக்காலுக்கே அவர் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

பள்ளியிலிருந்து எடுத்துவர நினைத்த வெப்பமானியை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கையை விட்டுப் பார்த்தேன். படகு போகப் போக ஒரு பக்கம் தண்ணீர் வெதுவெதுப்பாகிறது. ஞாயிற்றுக்கிழமை கார்னோ கணக்கில் "மிச்சம்" என்று எழுதியது இதுதான், என் விரலில் படுகிறது. 25 டிகிரி நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 35 டிகிரியில் அது 7-ஆகக் குறையும், உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும், தண்ணீரில் இருப்பதோ குறைகிறது. அண்ணன் இதை வேறு மாதிரி சொன்னார். "இறா வெந்நீருக்கு நிக்காது தம்பி. எங்க தாத்தா கழுத்துல பறிய கட்டிக்கினு கையாலயே தடவிப் புடிப்பாரு, இந்த எடத்துல. இப்ப தடவுனா இதுதான் வருது."

கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். சாம்பல் நிறச் சேறு. சாம்பலைத் தண்ணீரோடு குழைத்துக் குழாயில் குளத்துக்கு அனுப்புவார்கள், அந்தக் குழாய்கள் ஆற்றைக் கடந்துதான் போகின்றன, வருஷக்கணக்கில் அங்கங்கே கசிந்திருக்கின்றன. விரலுக்கு நடுவே தேய்த்தேன். வண்டல் பிசுபிசுக்கும், இது வழுக்கியது. உருண்டைகள், குண்டுமணிகள். என் பூதக்கண்ணாடியில் தெரியவில்லை, ஆனால் விரலுக்குத் தெரிந்தது.

சேற்றோடு ஒரு கொத்து கருப்புச் சிப்பியும் வந்தது. காக்கா ஆழி. தென் அமெரிக்கக் கரையிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த இனம். பாய் விரித்தாற்போல் அடியெல்லாம் படர்ந்து, மஞ்சள் மட்டிக்கும் இறாலுக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. இதற்கு மேல் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் வேறு கலந்து வந்தது, அதே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி அம்மோனியா கசிந்தது. அண்ணன் வீட்டுப் பெண்கள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடினார்களாம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் சரியான வேதியியல். அம்மோனியா தண்ணீரில் அபாரமாகக் கரையும்.

கரி பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். நம் கரியில் மட்டும் ஏன் இத்தனை சாம்பல்? சில நாடுகளில் காடு நின்ற இடத்திலேயே புதைந்து கரியானது. நம்முடையது கோண்டுவானா கரி. பழங்காலத்து ஆறுகள் மரக்கட்டைகளையும் இலைகளையும் தங்கள் வண்டலோடு அடித்துக்கொண்டு போய்ப் பள்ளங்களில் சேர்த்தன, ஏறக்குறைய 25 முதல் 30 கோடி வருஷங்களுக்கு முன்னால். அதனால் சாம்பல் நெருப்பு உண்டாக்கியது இல்லை. அது முன்பே இருந்தது. எந்தப் பெயரும் இல்லாத ஆறுகளின் களிமண், ஒடிசாவில் தோண்டப்பட்டு, கப்பலேறி, எண்ணூரில் உருகி உருண்டையாகி, மறுபடி ஓர் ஆற்றின் அடியில். படகில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, "அந்த ஆத்துல மீனு இருந்திருக்குமா?" என்றார். இருந்திருக்கும் என்றேன்.

ஏழாம் நாள், வெள்ளி

மத்தியானம் ரயில். காலையில் மாடிக்குப் போனேன். மூடி வைத்திருந்த ஈரச் சாக்கு இன்னும் ஈரமாகவே இருந்தது, நான் ஊர் சுற்றிய நாளெல்லாம் சித்தி தண்ணீர் தெளித்திருக்கிறார்.

சாம்பல் மட்டும் போட்டது விரல் பட்டதும் உதிர்ந்தது. சுண்ணாம்பு கலந்தது கொட்டாங்குச்சியிலிருந்து முழுசாகக் கழன்று வந்தது, அரைக்கோளமாக, சாம்பல் நிறத்தில். நகத்தால் கீறினால் கோடு விழுகிறது. நான்கு நாளில் இவ்வளவுதான் வரும், இந்த வினை அவசரப்படாது, இருபத்தெட்டு நாளாவது வேண்டும். ஊருக்கு எடுத்துப்போனால் ரயிலிலேயே காய்ந்துவிடும். காய்ந்தால் வினை நின்றுவிடும்.

சித்தி அதைக் கையிலிருந்து வாங்கி, கழுவாத தயிர்ப் பாத்திரத்தைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ போ. துளசிக்கு ஊத்தறப்ப இதுக்கும் ஊத்தறேன். இருபத்தெட்டாம் நாள் போட்டோ அனுப்பறேன், பையன்கிட்ட காட்டு."

"உடச்சிப் பாக்கணும் சித்தி, வெறும் போட்டோ பத்தாது."

"சித்தப்பா கால்ல போட்டுப் பாக்கறேன்," என்றார்.